வற்ற இறையுங்கள்: நீர் செலுத்தும் எண்ணெய் வயலில் பம்ப் கிணறுகளைக் கவனிக்க ஒரு வழிகாட்டி

“நீர் 97 சதவீதம். மூடிவிடலாம்.” நீர் செலுத்தும் வயல் ஒன்றில் பொறுப்பேற்ற முதல் வாரத்தில், ஒரு கிணற்றின் கோப்பில் இந்த வரியைப் படித்தேன். காரணம் நியாயமாகத் தோன்றியதால் நானும் கையெழுத்திட்டேன். எட்டு மாதம் கழித்து வேறு ஏதோ தேடும்போது, அதே கோப்பின் கடைசியில் மடித்து வைத்திருந்த, ஒலியால் திரவ மட்டத்தை அளந்த பதிவு கண்ணில் பட்டது. பம்ப் இருந்த ஆழம் 1000 மீட்டர். கிணறு ஓடிக்கொண்டிருந்தபோதே திரவ மட்டம் 400 மீட்டரில் நின்றிருந்தது. பம்புக்கு மேல் 600 மீட்டர் திரவம்! அந்தக் கிணறு ஒருநாளும் முழுமையாக இறைக்கப்படவில்லை. இறைக்காத கிணற்றைப் பார்த்து, இதில் எண்ணெய் இல்லை என்று தீர்ப்பு எழுதியிருந்தோம்.

கிணற்றைத் திறந்து பெரிய பம்ப் இறக்கினோம். மூன்று வாரம் வெறும் நீர். பிறகு எண்ணெய் தலைகாட்டியது; மூன்றாம் மாத முடிவில் பழைய அளவைப்போல நான்கு மடங்கு. மூடிக் கிடந்த எட்டு மாதம் போனது போனதுதான்.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்காக இதை எழுதுகிறேன். வயலின் தொடக்க அழுத்தம் தீர்ந்து, சில கிணறுகள் வழியே நீரைச் செலுத்தி மற்ற கிணறுகளில் எண்ணெயை எடுக்கும் கட்டம் இது. பெரும்பாலும் தலையாட்டும் பம்பிங் யூனிட்களும், அவை நீண்ட இரும்புக் கம்பிகளால் (ராடுகளால்) கிணற்றடியில் இயக்கும் சக்கர் ராடு பம்புகளும்தான் உங்கள் கையில் இருக்கும். என்ன செய்ய வேண்டும், எந்த வரிசையில், எவ்வளவு காலத்தில், எங்கே ஏமாறுவீர்கள் என்பதை மட்டும் சொல்கிறேன்.

1. முதலில் கோப்பை முழுதாகப் படியுங்கள்

கிணற்றடிக்குப் போகும்முன் ஒரு கிணற்றுக்கு அரை நாளாவது கோப்போடு உட்காருங்கள். கீழ்க்கண்டவை இல்லாமல் எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.

கிணற்றின் கட்டமைப்பு வரைபடம்: கேசிங் (கிணற்றின் வெளிக்குழாய்), டியூபிங் (திரவம் மேலேறும் உட்குழாய்) அளவுகள், பாறையிலிருந்து திரவம் உள்ளே வரக் கேசிங்கில் துளையிட்ட பகுதிகளின் ஆழம், பம்ப் நிற்கும் ஆழம், அடித்தளத்தின் ஆழம். பம்ப் துளைகளுக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பதைச் சிவப்பு மையில் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசி இரண்டு ஆண்டு உற்பத்திச் சோதனைகள், திரவ மட்டப் பதிவுகள், டைனமோமீட்டர் அட்டைகள் (ஓட்டம் முழுதும் ராடுகள் தாங்கும் சுமையை வரைந்த படங்கள்). இவை பெரும்பாலும் தனித்தனிக் கோப்புகளில், தனித்தனி ஆட்களிடம் இருக்கும். மூன்றையும் தேதிவாரியாக ஒரே தாளில் வரிசைப்படுத்துங்கள். நான் கையெழுத்திட்ட கிணற்றில் இந்த ஒரு தாள் இருந்திருந்தால் போதும்.

பழுதுபார்ப்பு வரலாறு: எப்போது எந்த ராடு எந்த ஆழத்தில் உடைந்தது, வெளியே எடுத்த பம்பில் மணலா, தாதுப் படிவமா, அரிப்பா, தேய்மானமா. “பம்ப் மாற்றப்பட்டது” என்று மட்டும் எழுதியிருந்தால், அந்த வேலையைப் பார்த்தவரைத் தேடிப்பிடித்துக் கேளுங்கள்.

சுற்றியுள்ள செலுத்துக் கிணறுகளின் தினசரி அளவும் அழுத்தமும், நீரின் வேதியியல் பகுப்பாய்வு, செலுத்துவதற்கான அனுமதிப் பத்திரம். அனுமதியில் அழுத்த உச்சவரம்பு குறிக்கப்பட்டிருந்தால் அதை மேசை மேல் ஒட்டி வையுங்கள்.

பம்பிங் யூனிட்டின் பெயர்ப்பலகையையும் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். “சி-228டி-213-86” என்றால்: சி என்பது வழக்கமான வடிவ யூனிட், கியர்பாக்ஸ் தாங்கும் முறுக்குவிசை 228 ஆயிரம் அங்குலப் பவுண்டு, டி என்பது இரட்டைப் படிக் கியர், கட்டமைப்பு தாங்கும் சுமை 213 நூறு, அதாவது 21,300 பவுண்டு, மிக நீண்ட ஸ்ட்ரோக் (ஒரு ஓட்டத்தின் நீளம்) 86 அங்குலம். பின்னால் பம்பைப் பெரிதாக்கும்போது உங்களைத் தடுத்து நிறுத்தப்போவது இந்த எண்கள்தான்.

2. திரவ மட்டத்தை நீங்களே அளந்து பாருங்கள்

பிறர் அளந்த எண்ணை வாங்கி எழுதாதீர்கள். முதல் பத்துக் கிணறுகளையாவது அளவெடுப்பவரோடு நின்று பாருங்கள்.

கேசிங் வால்வில் வாயுத் துப்பாக்கியைப் பொருத்தி, அழுத்தப்பட்ட வாயுவை ஒரு நொடியில் விடுவிக்கிறார்கள். ஒலி கேசிங்குக்கும் டியூபிங்குக்கும் இடையே கீழே ஓடி, ஒவ்வொரு டியூபிங் இணைப்பிலும் சிறிதாக எதிரொலித்து, திரவத்தைத் தொட்டதும் பெரிதாகத் திரும்பி வருகிறது. காகிதத்தில் முதலில் நெருக்கமான சிறுசிறு துடிப்புகள். பிறகு ஒரே ஒரு ஆழமான சரிவு. துடிப்புகளை எண்ணி, ஒரு டியூபிங் துண்டின் சராசரி நீளத்தால் பெருக்கினால் திரவத்தின் ஆழம் கிடைக்கும். ஒரு துண்டு பொதுவாக 9.5 மீட்டரை ஒட்டி இருக்கும். ஆனாலும் உங்கள் கிணற்றில் இறக்கிய டியூபிங்கின் அளவுப் பட்டியலிலிருந்தே சராசரியை எடுங்கள்.

இங்கே இரண்டு பொறிகள் உண்டு. முதலாவது, நுரை. வாயு அதிகம் வரும் கிணற்றில் பம்புக்கு மேல் நிற்பது பாதி வாயுவாக இருக்கலாம். 300 மீட்டர் திரவம் என்று பதிவு சொல்லும். உண்மையான திரவம் அதில் பாதிகூட இராது. கேசிங் வால்வைச் சில நிமிடம் மூடி, அழுத்தம் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று பாருங்கள். விறுவிறுவென ஏறினால் நுரை என்று வைத்துக்கொண்டு கணக்கைத் திருத்துங்கள். இரண்டாவது, நிறுத்திய கிணற்றில் எடுத்த அளவு. மின்தடையில் ஆறு மணி நேரம் நின்ற கிணற்றின் மட்டம் எதையும் நிரூபிக்காது. குறைந்தது இரண்டு நாளாவது தடையில்லாமல் ஓடிய கிணற்றில் அளந்ததை மட்டுமே நம்புங்கள்.

இப்போது கணக்கு. கிணறு சீராக ஓடும்போது, பம்பின் நுழைவாய்க்கு மேல் கேசிங்கில் நிற்கும் திரவம் பெரும்பாலும் எண்ணெய்தான். கிணறு 97 சதவீதம் நீர் தந்தாலும் இதே கதைதான், ஏனென்றால் நீர் கீழே இறங்கிப் பம்புக்குள் போய்விடுகிறது. ஆகவே 0.85 அடர்த்தி வைத்தால் 600 மீட்டர் என்பது சுமார் 50 பார் அழுத்தம். கேசிங் அழுத்தம் 3 பார் சேர்த்து 53. பாறையின் அழுத்தம் 80 பார் என்றால், திரவத்தைக் கிணற்றுக்குள் தள்ளும் விசை வெறும் 27 பார். மட்டத்தைப் பம்ப் வரை இறக்கினால் அதே விசை 77 பார் ஆகும். வரத்து இந்த விசைக்கு ஏறக்குறைய நேர்விகிதத்தில் இருப்பதால், நாளுக்கு 30 கன மீட்டர் தந்த கிணறு 85 வரை தரக்கூடும்.

இதைவிட முக்கியமானது அடுக்குகளின் விஷயம். பெரும்பாலான கிணறுகள் ஒன்றுக்கு மேற்பட்ட பாறை அடுக்குகளில் திறந்திருக்கும். நீர் எளிதாக ஓடும் அடுக்கில் 90 பார் ஏறியிருக்கும். நீர் இன்னும் சரியாகப் போய்ச்சேராத, எண்ணெய் மிச்சமுள்ள இறுக்கமான அடுக்கில் 40 பார்தான் இருக்கும். கிணற்றின் அடியில் 53 பார் நின்றால் என்ன நடக்கும்? முதல் அடுக்கின் நீர் கிணற்றுக்கு வந்து, அங்கிருந்து இரண்டாவது அடுக்குக்குள் போய், எடுக்க வேண்டிய எண்ணெயைப் பின்னுக்குத் தள்ளும். சோதனையில் வருவது நீர் மட்டுமே. அடியழுத்தத்தை 40-க்குக் கீழே, முடிந்தால் 5-க்கு இறக்கினால்தான் இரண்டாவது அடுக்கு கொடுக்கத் தொடங்கும். இறைத்த கிணறு ஊறும் என்று சும்மா சொல்லவில்லை.

ஆகவே விதி இது: எந்தக் கிணற்றைப் பற்றியும், அதை வற்ற இறைத்துக் குறைந்தது நான்கு வாரம் ஓட்டியபின் பேசுங்கள். நீண்ட நாள் நின்ற கிணற்றைத் தொடங்கியதும் நூறு சதவீதம் நீர் வந்தால் பதற வேண்டாம். எண்ணெய் அடுக்குக்குள் புகுந்த நீர் முதலில் திரும்பி வந்தாக வேண்டும்.

ஒரு விதிவிலக்கு: மணல் கொட்டும் தளர்ந்த பாறை. அங்கே மட்டத்தை ஒரே வாரத்தில் இறக்கினால் பம்பு மணலில் இறுகிவிடும். ஐம்பது, நூறு மீட்டராகப் படிப்படியாக இறக்குங்கள்.

3. பலன் எப்போது வரும் என்று முன்கூட்டியே கணக்கிடுங்கள்

நீர் செலுத்தத் தொடங்கியதும் எண்ணெய் உடனே அதிகரிக்காது. அழுத்தம் குறைந்தபோது எண்ணெயிலிருந்து பிரிந்த வாயு பாறையின் நுண்துளைகளில் இடம்பிடித்திருக்கும். அந்த இடம் நிரம்பும்வரை நீங்கள் செலுத்தும் நீருக்குக் கண்ணுக்குத் தெரியும் பதில் இராது. மேலிடம் பொறுமை இழப்பது இந்தக் கட்டத்தில்தான்; கையில் ஒரு தேதி வைத்திருங்கள்.

உதாரணம்: ஒரு செலுத்துக் கிணறு கவனிக்கும் பரப்பு 4 ஹெக்டேர், பாறையின் தடிமன் 5 மீட்டர், நுண்துளைப் பங்கு 20 சதவீதம். மொத்தத் துளை இடம் 40,000 கன மீட்டர். அதில் 10 சதவீதம் வாயு என்றால் நிரப்ப வேண்டியது 4,000. நாளுக்கு 40 கன மீட்டர் செலுத்தி, அதே பரப்பிலிருந்து 10 கன மீட்டர் எடுத்தால், நிகரம் 30. அதாவது சுமார் 133 நாள். செலுத்தும் நீரில் ஒரு பகுதி பரப்புக்கு வெளியேயும் எளிதான அடுக்குகளுக்கும் ஓடிவிடும் என்பதால் உண்மையில் இதைவிட நீளும்.

அந்தத் தேதிக்குள் பெரிய பம்ப், டியூபிங், புல்லி எல்லாம் கிடங்கில் இருக்க வேண்டும். பலன் வந்தபின் பொருள் கேட்டு எழுதினால், பொருள் வரும்வரை மட்டம் ஏறிக்கொண்டே போகும். எண்ணெய் மிகுதியாக வரக்கூடிய மாதங்கள் அவை. தவறவிட்டால் அதே அளவில் திரும்பக் கிடைக்காது.

பலனின் முதல் அறிகுறி பெரும்பாலும் உற்பத்திப் பதிவில் தெரியாது. வாயு குறையும், திரவ மட்டம் மெல்ல ஏறும். ஆகவே எதிர்பார்க்கும் தேதிக்கு ஒரு மாதம் முன்பிருந்தே மட்டத்தை வாரம் ஒருமுறை அளக்கத் தொடங்குங்கள். மற்றக் காலங்களில் மாதம் ஒருமுறை போதும். வேகமோ பம்போ மாற்றினால் மூன்றாம் நாள் ஒருமுறை.

4. உற்பத்திச் சோதனையைக் கறாராக நடத்துங்கள்

மாதம் ஒருமுறை, முழு 24 மணி நேரம். நான்கு மணி நேரச் சோதனையை ஆறால் பெருக்கி எழுதும் பழக்கத்தை விட்டொழியுங்கள். எண்ணெயும் நீரும் கட்டிகட்டியாகத்தான் வரும்.

எண்ணெயின் அளவு எவ்வளவு எளிதாகத் தவறாகும் என்று பாருங்கள். நீர் 95 சதவீதம் என்றால் எண்ணெய் 5. நீரை அளப்பதில் ஒரே ஒரு சதவீதம் பிசகி 96 என்று எழுதினால், எண்ணெய் ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போகும். 98 சதவீதக் கிணற்றில் அதே பிசகு எண்ணெயைப் பாதியாக்கிவிடும். ஆனால் நடைமுறை என்ன? குழாய் முனையில் ஒரே ஒரு பாட்டிலில் மாதிரி பிடித்து, மையவிலக்கில் சுற்றி, அதையே மாதம் முழுதுக்கும் எழுதுகிறார்கள். எண்ணெயையும் நீரையும் பிரிக்கும் சோதனைப் பிரிகலன் இருந்தால் எண்ணெயைத் தனியே அளந்து பாருங்கள். இல்லையென்றால் 24 மணி நேரத்தில் எட்டு மாதிரியாவது பிடித்துச் சராசரி எடுங்கள். எண்ணெயும் நீரும் பிரியாமல் குழம்பாக வரும் கிணற்றின் மாதிரியில் குழம்புடைக்கும் மருந்து விட்டுச் சூடாக்கியபின் சுற்றுங்கள். இல்லாவிட்டால் குழம்புக்குள் இருக்கும் நீரும் எண்ணெய்க் கணக்கில் ஏறிவிடும்.

நீரின் குளோரைடு அளவையும் மாதாமாதம் பாருங்கள். செலுத்தும் நீரும் பாறையின் சொந்த நீரும் உப்பில் வேறுபட்டால், செலுத்திய நீர் எந்தக் கிணற்றில் எப்போது வந்துசேர்ந்தது என்பதை இந்தச் சோதனை சொல்லிவிடும். செலவும் சொற்பம்.

5. மூன்று எண்களை ஒன்றோடொன்று மோதவிடுங்கள்

பம்பின் கோட்பாட்டு அளவு, சோதனையில் வந்த அளவு, திரவ மட்டம். நோய் எது என்று கண்டுபிடிக்க இந்த மூன்றே போதும்.

44.45 மில்லிமீட்டர் பிளஞ்சரின் (பம்புக்குள் மேலும் கீழும் ஓடும் உருளையின்) பரப்பு 15.5 சதுர சென்டிமீட்டர். அடியில் 2 மீட்டர் ஸ்ட்ரோக், நிமிடத்துக்கு 10 முறை என்றால் நாளுக்கு சுமார் 45 கன மீட்டர். சோதனையில் 36 வந்தால் 80 சதவீதம், நல்ல பம்ப். 20 மட்டும் வந்தால் மட்டத்தைப் பாருங்கள். மட்டம் உயரத்தில் இருந்தால், கிணறு கொடுக்கிறது, பம்ப் எடுக்கவில்லை: வால்வு தேய்மானம், டியூபிங்கில் ஓட்டை, அல்லது வாயு அடைப்பு. மட்டம் பம்பருகே இருந்தால், பம்ப் நன்றாகத்தான் இருக்கிறது, கிணறு அவ்வளவுதான் தருகிறது. இந்த வேறுபாட்டைப் பாராமல் ரிக் (பம்பையும் குழாய்களையும் வெளியே இழுக்கும் கோபுர இயந்திரம்) அழைத்து, நல்ல பம்பை வெளியே எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப இறக்கியதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

டைனமோமீட்டர் அட்டை இதை உறுதிசெய்யும். நிறைந்த பம்பின் அட்டை ஏறக்குறைய நாற்கர வடிவில் இருக்கும். கீழ்நோக்கிய ஓட்டத்தின் தொடக்கத்தில் சுமை இறங்காமல் நின்று, பாதி வழியில் சடாரென்று விழுந்தால், பம்ப் பாதி காலி. பிளஞ்சர் திரவத்தின் மேல் போய் மோதுகிறது. அதே இடத்தில் சுமை வளைந்து மெல்ல இறங்கினால், உள்ளே வாயு. யூனிட்டை மேலோட்டத்தில் நிறுத்திச் சுமை குறைகிறதா என்று பார்ப்பது, பிளஞ்சரோடு நகரும் டிராவலிங் வால்வின் சோதனை. கீழோட்டத்தில் நிறுத்திச் சுமை ஏறுகிறதா என்று பார்ப்பது, பம்பின் அடியில் நிலையாக நிற்கும் ஸ்டாண்டிங் வால்வின் சோதனை. இரண்டுக்கும் சேர்த்து ஐந்து நிமிடம்தான்.

யூனிட்டை நிறுத்தும்போது ஒன்றை மறக்காதீர்கள். பிரேக் மட்டும் போதாது. மின் இணைப்பைத் துண்டித்துப் பூட்டுப் போட்டு, சாவியை உங்கள் பையில் வைத்து, எதிர்ச்சுமையோடு சுழலும் கையான கிராங்கைச் சங்கிலியாலோ ஊசியாலோ கட்டியபின்தான் யாரும் வேலிக்குள் போக வேண்டும். தானியங்கிக் கடிகாரம் வைத்த யூனிட் யாரையும் கேட்காமல் தொடங்கும். எதிர்ச்சுமைக்கு அடியில் நிற்பவருக்கு ஓட நேரம் கிடைக்காது.

6. இறைப்பைக் கூட்டும்போது மலிவானதிலிருந்து தொடங்குங்கள்

மட்டம் உயரத்தில், பம்ப் நல்ல நிலையில் என்று உறுதியானபின் இந்த வரிசையில் போங்கள்.

முதலில் கேசிங் வால்வு. அது மூடியிருந்தால் அல்லது பாதி திறந்திருந்தால் வாயு தேங்கிப் பாறையை எதிர்த்து அழுத்தும். உற்பத்திக் குழாயோடு ஒருவழி வால்வு வழியே இணைத்துத் திறந்து வையுங்கள். செலவே இல்லை. வெளிக்காற்றில் திறந்துவிடாதீர்கள், வற்றிய கிணறு காற்றை உள்ளே இழுத்தால் ஆக்சிஜன் புகுந்து ராடுகளை அரிக்கும்.

அடுத்து ஓடும் நேரம். பாதி நாள் நிற்கும்படி யாரோ எப்போதோ கடிகாரம் வைத்திருப்பார்கள். மட்டம் உயரத்தில் இருக்கும்போது நிறுத்தி வைக்க ஒரு காரணமும் இல்லை.

பிறகு மோட்டார் புல்லி. நிமிடத்துக்கு 10 முறை என்பதை 12 ஆக்க ஒரு காலைப்பொழுது போதும். அதற்கடுத்து ஸ்ட்ரோக் நீளம். கிராங்கில் வெளித்துளைக்கு மாற்ற வேண்டும், அரை நாள் வேலை. வேகத்தைவிட நீண்ட ஸ்ட்ரோக்தான் ராடுகளுக்கு நல்லது. இரண்டில் எது செய்தாலும் கியர்பாக்ஸின் முறுக்குவிசையைக் கணக்கிட்டு, எதிர்ச்சுமையைச் சரிசெய்யுங்கள். மேலோட்டத்திலும் கீழோட்டத்திலும் மோட்டார் இழுக்கும் உச்ச மின்னோட்டம் சமமாக வந்தால் சமநிலை சரி.

இவை போதாதபோதுதான் பெரிய பிளஞ்சர். 57 மில்லிமீட்டருக்கு (2¼ அங்குலத்துக்கு) போனால் அதே வேகத்தில் நாளுக்கு 74 கன மீட்டர். ஆனால் 1000 மீட்டரில் ராடுகள் தூக்க வேண்டிய திரவச் சுமை சுமார் 1,550 கிலோவிலிருந்து 2,565 கிலோவாக ஏறும். பெயர்ப்பலகை அனுமதிக்கிறதா, ராடுகள் தாங்குமா என்று பார்க்காமல் இறக்கினால் மூன்று மாதத்தில் உடையும். அந்த உடைவைக் காட்டி மறுபடி வேகத்தைக் குறைப்பார்கள். நான் கையெழுத்திட்ட கிணறு அந்த நிலைக்கு வந்ததும் இப்படித்தான்.

இன்னொரு பொறி. 2⅞ அங்குல டியூபிங்கில் 2¼ அங்குலப் பம்ப் வேண்டுமானால் அது டியூபிங் பம்பாகத்தான் இருக்க முடியும். ராடோடு இறக்கும் பம்பை ராடை இழுத்தே எடுத்துவிடலாம். டியூபிங் பம்பின் பீப்பாய் பழுதானால் டியூபிங் முழுவதையும் இழுக்க வேண்டும். ரிக் நாட்கள் கூடும். அந்தச் செலவையும் இப்போதே கணக்கில் சேருங்கள்.

பம்பை இறக்கும்போதே முடிந்தால் துளைகளுக்குக் கீழே வையுங்கள். வாயு மேலே பிரிந்துபோகும், கடைசிச் சொட்டு அழுத்தமும் பாறையிலிருந்து நீங்கும். டியூபிங்கை நங்கூரமிட்டு நிறுத்துங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு ஓட்டத்திலும் அது நீண்டு சுருங்கி, ஸ்ட்ரோக்கில் ஒரு பகுதியை விழுங்கும்.

கிணறு வற்றியபின் பம்ப் காலியாக அடிக்க விடக்கூடாது. அப்போதுதான் வற்றும்போது தானே நிறுத்தும் கட்டுப்பாட்டுக் கருவிக்கு அல்லது வேகம் மாற்றும் மின்கருவிக்கு இடம் வருகிறது. முன்பே பொருத்திவிட்டு, கருவி இருக்கிறதே என்று மட்டம் அளப்பதை நிறுத்திவிடாதீர்கள்.

நாளுக்கு இருநூறு, முந்நூறு கன மீட்டர் என்று வரத்து பெருகினால் ராடு பம்போடு மல்லுக்கட்டாதீர்கள்; நீர்மூழ்கி மின் பம்புக்கு மாறுங்கள்.

7. செலவை ஆற்றலில் கணக்கிடுங்கள்

“நீரை ஏன் இறைக்கிறீர்கள்?” என்று கணக்குப் பிரிவு கேட்கும். பதிலை எண்ணில் வைத்திருங்கள்.

ஒரு கன மீட்டர் நீரை 1000 மீட்டர் தூக்க 2.7 யூனிட் (கிலோவாட் மணி) மின்சாரத்துக்கான ஆற்றல் வேண்டும். மோட்டார் முதல் பம்ப் வரை மொத்தத் திறன் 50 சதவீதம் என்றால் 5.5 யூனிட் செலவாகும். ஒரு பங்கு எண்ணெய்க்கு 25 பங்கு நீர் வரும் கிணற்றில், அதாவது ஏறத்தாழ 96 சதவீத நீரில், ஒரு கன மீட்டர் எண்ணெய்க்கு 26 கன மீட்டர் திரவம் தூக்க வேண்டும்: சுமார் 142 யூனிட். அந்த அளவு நீரை 70 பார் அழுத்தத்தில் திரும்பச் செலுத்த, பம்பின் திறன் 70 சதவீதம் என்று வைத்தால், இன்னொரு 72 யூனிட். ஆக ஒரு பீப்பாய் (சுமார் 159 லிட்டர்) எண்ணெய்க்கு 34 யூனிட்டை ஒட்டி வரும். உங்கள் மின்கட்டணத்தால் பெருக்கி, எண்ணெய் விலைக்குப் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். மருந்து, ரிக், ஆட்செலவு தனியே சேரும். அவற்றில் ரிக் செலவுதான் பெரும்பாலும் கையை மீறும். ஆகவே ஒரு கிணறு ஆண்டுக்கு எத்தனை முறை பழுதாகிறது என்பதைத் தனிப் பத்தியில் எழுதி வாருங்கள்.

ஒரு பொறி: திரவ மட்டம் உயரத்தில் இருக்கும் கிணறு குறைவான மின்சாரமே இழுக்கும், ஏனென்றால் அது குறைந்த உயரமே தூக்குகிறது. பட்டியலில் சிக்கனமான கிணறு என்று முதலிடம் பிடிக்கும். அந்தப் பட்டியலோடு மட்டத்தின் பத்தியையும் சேர்த்துக் கொடுங்கள்.

8. நீரோடு வரும் நோய்கள்

நீர் அதிகமானதும் ராடுகளின் மேல் எண்ணெய்ப் பூச்சு போய்விடும். கரியமில வாயு, ஹைட்ரஜன் சல்பைடு, தப்பிவந்த ஆக்சிஜன் மூன்றும் உலோகத்தைத் தின்னும். செலுத்தும் நீரில் ஆக்சிஜனை லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்குக் கீழே வைப்பது நல்ல இலக்கு. அரிப்புத் தடுப்பு மருந்தைப் பலன் வந்தபின் தொடங்கலாம் என்று தள்ளாதீர்கள்.

படிவம் இரண்டு வகை. அழுத்தம் விழும் இடத்தில், குறிப்பாகப் பம்பின் வாயில், கால்சியம் கார்பனேட் படியும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைந்துவிடும். வற்ற இறைக்கும்போது இது கூடும் என்பதால் தடுப்பு மருந்தையும் சேர்த்தே திட்டமிடுங்கள். சல்பேட் நிறைந்த செலுத்து நீர், பேரியம் உள்ள பாறை நீரோடு சேர்ந்தால் பேரியம் சல்பேட் படியும். அது அமிலத்தில் கரையாது. ஆகவே இரண்டு நீரையும் கலந்து பார்க்கும் சோதனையை, செலுத்தத் தொடங்கும் முன்பே செய்து அறிக்கையைக் கோப்பில் வையுங்கள்.

சல்பேட்டை உண்ணும் பாக்டீரியா ஹைட்ரஜன் சல்பைடை உண்டாக்கும். முன்பு வாயு சுத்தமாக இருந்த வயலிலும் சில ஆண்டுகளில் அது தோன்றலாம். அழுகிய முட்டை நாற்றத்தை நம்பி வேலை செய்யாதீர்கள்: பத்து லட்சத்தில் 100 பங்கை எட்டும்போது மூக்கு மரத்துப்போகும், நாற்றம் நின்றுவிடும். வாயு கண்டறியும் கருவி சட்டையில் இல்லாமல் கேசிங் வால்வைத் தொடக்கூடாது. வெளியே எடுத்த பம்பில் கரும்பொடி ஒட்டியிருந்தால் நனைத்தே வையுங்கள்; இரும்பு சல்பைடு உலர்ந்து காற்றுப் பட்டால் தானே தீப்பிடிக்கக்கூடும்.

9. செலுத்துக் கிணறுகளையும் வாரம் ஒருமுறை பாருங்கள்

பம்ப் கிணற்றுக்காரர் செலுத்துக் கிணறு தன் வேலையல்ல என்று நினைப்பதுண்டு. நீங்கள் எடுப்பதை நிரப்புவது அதுதான். எடுத்த திரவம் பாறைக்குள் அடைத்திருந்த கன அளவையும் செலுத்திய கன அளவையும் மாதாமாதம் ஒப்பிடுங்கள். வாயு இடம் நிரம்பியபின் இரண்டும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும்.

அழுத்தத்தை நாட்களால் பெருக்கிக் கூட்டிக்கொண்டே வந்து, மொத்தம் செலுத்திய நீருக்கு எதிராகப் புள்ளி வையுங்கள். கோடு செங்குத்தாகத் திரும்பினால் கிணறு அடைபடுகிறது. தட்டையாகத் திரும்பினால் பாறை பிளந்திருக்கலாம் அல்லது நீர் வேறு வழி கண்டிருக்கலாம். பாறை பிளக்கும் அழுத்தத்தைப் படிப்படியாக அளவைக் கூட்டும் சோதனையால் கண்டுபிடித்து, அதற்குக் கீழேயே நில்லுங்கள். அவசரத்துக்கு அழுத்தத்தை ஏற்றிப் பாறையைப் பிளந்தால், நீர் நேரே உங்கள் உற்பத்திக் கிணற்றுக்கு ஓடிவந்து சேரும்.

10. மூடும் தாளில் கையெழுத்திடும்முன்

நீருக்கும் எண்ணெய்க்கும் உள்ள விகிதத்தை மடக்கை அளவிலும், இதுவரை எடுத்த எண்ணெயைச் சாதாரண அளவிலும் வைத்து வரையுங்கள். விகிதம் ஒன்றைத் தாண்டியபின் பல கிணறுகளில் இது நேர்கோடாக வரும். அதை உங்கள் செலவு தாங்கும் விகிதம் வரை நீட்டினால் இன்னும் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்று தெரியும். கோடு திடீரென மேலே வளைந்திருந்தால் பாறையைக் குறை சொல்லுமுன் அந்த மாதத்தின் திரவ மட்டத்தைப் பாருங்கள்.

பிறகு இந்த நான்கு கேள்விகள். கடைசி மட்ட அளவு 30 நாளுக்குள் எடுத்ததா? அப்போது கிணறு வற்றியிருந்ததா? அதன்பின் நான்கு வாரம் தடையின்றி ஓடியதா? சோதனை 24 மணி நேரம் நடந்ததா? நான்குக்கும் ஆம் என்று எழுதி, ஆதாரத் தாள்களை இணைத்தபின்தான் நான் இப்போது கையெழுத்திடுகிறேன். ஒன்றுக்கு இல்லை என்றாலும் தாளைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.